சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

மனை இருக்கிறது. பிளான் கையில் வந்துவிட்டது. வங்கிக் கடனும் ஏறக்குறைய உறுதி. இனி யாரிடம் வேலையைக் கொடுப்பது என்ற பேச்சு எழும்போது, தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சதுர அடிக்கு என்ன ரேட் சொல்றார்?" மூன்று பேரிடம் விசாரிப்பார்கள். மூன்று எண்கள் கிடைக்கும். நடுவில் இருப்பவரையோ, குறைத்துச் சொன்னவரையோ பிடித்து முன்பணம் கொடுத்து நல்ல நாளில் பூமி பூஜை போட்டுவிடுவார்கள். இருபது ஆண்டுச் சேமிப்பும் இன்னும் இருபது ஆண்டுக்கான கடன் தவணையும் ஒரே ஓர் எண்ணின் மேல் ஏற்றிவைக்கப்படுகின்றன. இந்தப் பழக்கம்தான் பின்னால் வரும் பெரும்பாலான மனக்கசப்புகளுக்கு விதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க வேறு அளவுகோல் வேண்டும். தான் செய்யப்போவதை முன்கூட்டியே எழுதித் தர ஒப்புக்கொள்கிறாரா? செய்ததை இன்னொருவர் அளந்து பார்க்கச் சம்மதிக்கிறாரா? ரேட் இதற்கு அப்புறம் பேச வேண்டிய விஷயம்.

ரேட் ஏன் உதவாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2,200 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 2,550. வித்தியாசம் மூன்றரை லட்சம். முதலாமவர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஆனால் அந்த வீட்டில் 120 சதுர அடி போர்ட்டிகோ, 60 சதுர அடி பால்கனி, மாடிப்படியின் மேல் 100 சதுர அடி ஹெட்ரூம் என்று அந்த ஆயிரத்துக்கு மேல் 280 சதுர அடி இருக்கிறது. முதலாமவர் இவற்றை முழுதாகக் கணக்கில் சேர்க்கிறார், இரண்டாமவர் பாதியாக. அப்போது முதலாமவரின் தொகை 28,16,000. இரண்டாமவரின் தொகை 29,07,000. மூன்றரை லட்சமாகத் தெரிந்தது 91,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இன்னும் நாம் செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு சுவர் பக்கமே போகவில்லை. பேஸ்மட்டம் தரையிலிருந்து இரண்டடி வரைதான் ரேட்டில் அடக்கம், சாலை மட்டத்துக்காக மூன்றரை அடி ஏற்ற வேண்டுமானால் மண் நிரப்பும் செலவு தனி என்பது பாதி வேலையில் தெரியவரும். லாஃப்ட், சமையல் மேடை, கிரில், மொட்டைமாடித் தட்டோடு, கரண்ட் வேலையில் ஓர் அறைக்கு எத்தனை பாயின்ட் என்று வரிசையாக ஒவ்வொன்றும் "எக்ஸ்ட்ரா" என்ற ஒரே சொல்லுக்குள் போய் உட்காரும். சதுர அடி என்ற அளவுக்கே இரு கான்ட்ராக்டர்களிடம் இரு பொருள் இருக்கும்போது, அவர்கள் சொல்லும் இரண்டு ரேட்டுகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இதற்குக் கான்ட்ராக்டரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ரேட்டை மட்டும் கேட்கும் ஊரில், ரேட்டைக் குறைத்துக் காட்டினால்தான் வேலை கிடைக்கும். நேர்மையாக எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்பவர் "அதிகம் கேட்கிறார்" என்ற பெயரோடு வெளியே நிற்கிறார். நல்லவர்களைத் தோற்கடிக்கிற கேள்வியை நாமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

குறைத்துச் சொன்ன ரேட்டை அவர் எங்கே ஈடுகட்டுவார்? டைல்ஸில் முடியாது, அது கண்ணுக்குத் தெரியும். பெயின்ட்டிலும் முடியாது, பிராண்டை வீட்டுக்காரரே சொல்லியிருப்பார். வேலை முடிந்தபின் யார் கண்ணுக்கும் படாத இடங்களில்தான் அவருக்குக் கைவைக்க வழி இருக்கிறது. ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பவையும் அந்த மறைவான இடங்களே. மேல்தளம் போடும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பலகை அடித்து, அதன்மேல் கம்பி கட்டியிருப்பார்கள். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் குறைந்தது 20 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலை. அதற்காகத்தான் கவர் பிளாக் என்னும் சிறு கான்கிரீட் வில்லைகளைக் கம்பிக்கு அடியில் வைக்கிறார்கள். விலை அற்பம். அதையும் மிச்சம் பிடிக்க, கீழே கிடக்கும் ஜல்லித் துண்டைச் செருகிவிடுவார்கள். ஆட்கள் மேலே நடக்கும்போது அது உருண்டு விலக, கம்பி பலகையில் படிந்துவிடும். கான்கிரீட் ஊற்றி, பலகை பிரித்து, பூச்சும் பூசியபின் எல்லாத் தளமும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில மழைக்காலம் கழிந்து கம்பி துருப்பிடித்து உப்பும்போது, கூரையின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாகச் செய்யும். கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மறைப்பும் வேண்டும் என்று அதே தரநிலை சொல்கிறது. சாதாரண இடத்துக்கான எம்20 தரத்தையே கடலோரத்துக்கும் எழுதித் தருபவர், மனை எங்கே இருக்கிறது என்பதையே கணக்கில் எடுக்கவில்லை.

அதே நாளில் மிக்சர் மெஷின் பக்கம் நடப்பதையும் கவனிக்க வேண்டும். கெட்டியான கலவையைத் தள்ளி நிரவுவது கடினம். தண்ணீர் கொஞ்சம் கூடினால் அது தானாக ஓடும், வேலையும் சீக்கிரம் முடியும். அளவு சொல்லிக் கலக்கும் எம்20 கலவையில், 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இதில் கழிக்க வேண்டும். ஒரு பக்கெட் கூடுதலாகச் சாய்த்தால் அந்தத் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக மிஞ்சும். வலுவும் குறையும், மழைநீர் இறங்கவும் வழி கிடைக்கும். மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி ஆற்ற வேண்டும். இன்று கடைகளில் பரவலாக விற்கும் பிபிசி வகைச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் கொளுத்தும் மாதங்களில் 14 நாள். இதற்கு ஓர் ஆள் தினமும் வர வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்தவர் மிச்சம் பிடிப்பது இந்தக் கூலியைத்தான். தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிப்பதிலும் இப்படியே. தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பக்கத்து ஊரில் இன்னொரு வேலைக்குப் பலகை தேவைப்பட்டால் ஐந்தாம் நாளே கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது.

இந்தச் செய்திகளை நான் இவ்வளவு விரித்துச் சொல்வது வீட்டுக்காரர் எல்லோரும் இன்ஜினியர் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றில்தான் இருக்கின்றன. "கான்கிரீட் என்ன தரம், கவர் எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் விடுவீர்கள், முட்டு எப்போது பிரிப்பீர்கள், இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதலாமா?" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷப்படுவார். தன் வேலையின் அருமை தெரிந்த வாடிக்கையாளர் கிடைப்பது அவருக்கும் அபூர்வம். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார், நம்ம வீடு மாதிரி கட்டித் தர்றோம்" என்று பேச்சை மாற்றுபவரிடம் அன்பு இருக்கலாம், எழுத்து இல்லை.

அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்பதும் முக்கியம். மனையை வந்து பார்க்காமல், மண் என்ன மண் என்று விசாரிக்காமல் போனிலேயே ரேட் சொல்பவரைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் மூன்றடி, நாலடி ஆழத்தில் சாதாரணக் கடைக்கால் போட்டால், மண் ஏறி இறங்கும்போதெல்லாம் கட்டடமும் அசையும். ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் விழும். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே அடியில் குமிழ்போல் விரிந்த பைல் அடித்தளத்தை உருவாக்கிப் பரப்பியது. ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குமிழ் போய் ஊன்றிக்கொள்வதால் மேல்மண்ணின் ஆட்டம் வீட்டைத் தொடுவதில்லை. எல்லா மனைக்கும் இது தேவைப்படாது. தேவையா என்று தெரிந்துகொள்ள மண் பரிசோதனை வேண்டும். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. "மண் பரிசோதனை எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் ரேட் பேசலாம்" என்று சொல்லும் ஒருவர் கிடைத்தால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைப் பட்டியலில் மேலே வைப்பேன்.

அடுத்து அவர் ஏற்கெனவே கட்டிய வீடுகள். எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள், ஆனால் தவறான வீட்டைப் பார்க்கிறார்கள். போன மாதம் கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டில் மாவிலைத் தோரணமும் புது பெயின்ட்டும்தான் தெரியும். மூன்று நான்கு மழைக்காலம் பார்த்த வீட்டுக்கு, முடிந்தால் ஐப்பசி கார்த்திகையிலேயே, போக வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கம், குளியலறைக்கு அடுத்த அறையின் சுவர், மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சுவரில் ஏறியிருக்கும் ஓதம், இந்த நான்கையும் பார்த்தால் போதும். கட்டியவரின் கைப்பழக்கம் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்காரரிடம் "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். தன் வீட்டைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. முதலில் பேசிய தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு, சொன்ன தேதிக்கு எத்தனை மாதம் தள்ளிப்போனது, குடிபோனபின் ஒழுகல் என்று கூப்பிட்டபோது வந்தாரா என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். அப்புறம் இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் ஓர் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். சிமென்ட் மூட்டைகள் பலகைமேல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, வெறும் தரையில் கிடக்கின்றனவா? எம்-சாண்ட் என்று குவித்திருப்பதைக் கையில் அள்ளிப் பார்த்தால் மாவுபோல் ஒட்டுகிறதா? அப்படி ஒட்டினால் அது கிரஷர் தூசாக இருக்க வாய்ப்பு உண்டு. 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.66 கிலோ எடை இருக்க வேண்டும். தரநிலை அனுமதிக்கும் சிறு ஏற்றத்தாழ்வு போக அதைவிடக் குறைந்தால் கம்பி மெலிந்தது என்று பொருள். ஒரு தராசு இருந்தால் யாரும் சரிபார்க்கலாம்.

இவ்வளவு ஏன், அரசு அனுமதி இருக்கிறதே, அதிகாரிகள் பார்க்க மாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். திட்ட அனுமதி பார்ப்பது பக்கத்தில் விட வேண்டிய இடம், உயரம், பரப்பு, பயன்பாடு போன்றவற்றை. உங்கள் தளத்தில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று பார்க்க யாரும் வரப்போவதில்லை. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்து 61 பேர் உயிரைக் குடித்த பதினோரு மாடிக் கட்டடமும் திட்ட அனுமதி பெற்றதுதான். அது அடுக்குமாடி, தனி வீட்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் அனுமதித் தாள் வேறு, கட்டடத்தின் வலு வேறு என்பதை இதைவிடக் கொடுமையாக யாரும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு இணையத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லாத நல்ல ஏற்பாடு அது. கூடவே பொறுப்பும் வீட்டுக்காரர் தோளில் ஏறியிருக்கிறது. வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரும் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த தவணையை விடலாமா என்றுதான் பார்க்கிறார்.

ரெரா என்ற வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பது அடுத்த நம்பிக்கை. 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் மனையோ அடுக்ககமோ விற்கும் நிறுவனங்களுக்கானது. அதிலும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள திட்டங்களே பதிவு செய்ய வேண்டியவை. சொந்த மனையில் ஒருவரை வைத்து வீடு கட்டிக்கொள்பவருக்கு அந்தக் குடை பொதுவாக விரிவதில்லை. அடுக்ககம் வாங்கியவருக்குக் கட்டமைப்புக் குறைகளை ஐந்து ஆண்டுவரை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதே வாக்கியத்தை நம் ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொண்டால்தான் நமக்கு உண்டு. நமக்கு நேரடியாக உதவுவது நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்பது 1993-லேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையானால் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், முறையிடலாம். ஆனால் ஆணையம் முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் பணம் கொடுத்ததற்கான அத்தாட்சியையும்தான். என்ன தருவதாகச் சொன்னார் என்பது தாளில் இல்லாதபோது, அதைத் தரவில்லை என்று நிரூபிக்க வழியில்லை. பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம் என்ற ஆசைகாட்டலும் இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு வரி என்பது பெரிய தொகைதான். மறைத்த பணத்துக்கு யாரும் நியாயம் கேட்க முடியாது என்பதையும் அதோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. பொருளின் தரமும் நம் கையில். நேரமும் விவரமும் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் அலுவலகம் போய் இரவில் திரும்புபவர் இதில் இறங்கினால், பத்து மணிக்கு ஜல்லி தீர்ந்துவிட்டது என்று போன் வரும். ஆட்கள் உட்கார்ந்திருக்க, கூலி ஓடும். சேதாரம் யார் கணக்கிலும் இல்லாததால் சிமென்ட் அளவுக்கு மேல் கரையும். எல்லாவற்றுக்கும் மேலாக, விரிசல் விழுந்தால் மேஸ்திரி மணலைக் காட்டுவார், கடைக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார். பொறுப்பேற்க ஒருவர் இல்லாத வீடாக அது போய்விடும். கூலி ஒப்பந்தம் என்று முடிவெடுத்தால், வேலையோடு சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை மேற்பார்வைக்குத் தனியாக அமர்த்துவதை அதன் விலையாகவே எண்ண வேண்டும். கடைக்கால், பில்லர், தளம் என்று கம்பி கட்டி முடித்த ஒவ்வொரு முறையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கான்கிரீட். முழு ஒப்பந்தம் கொடுப்பவர்களுக்கும் இந்த ஏற்பாடு நல்லது. இன்னொரு இன்ஜினியர் வந்து பார்ப்பார் என்றதும் எந்த கான்ட்ராக்டர் முகம் சுளிக்கிறாரோ, தேர்வு அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

எழுதக் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்பதுதான் நம் ஊரில் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. கான்ட்ராக்டர் பெரும்பாலும் மாமன் மச்சான் வழியிலோ, உடன் வேலை பார்ப்பவர் வழியிலோ வந்தவராக இருப்பார். அவரிடம் ஒப்பந்தம் நீட்டுவது அவநம்பிக்கையைச் சொல்வதாகப் படும். உண்மையில் அந்தத் தாள் அவரையும் காப்பாற்றுகிறது. லிண்டல் மட்டம் வந்தபின் ஜன்னலை இடம் மாற்றச் சொல்வது, முடிவான டைல்ஸை விட்டு விலை கூடியதைக் கேட்பது, தவணையை இரண்டு மாதம் இழுப்பது எல்லாம் வீட்டுக்காரர்களும் செய்வதுதான். அதில் நொடித்துப்போன சிறு கான்ட்ராக்டர்கள் எத்தனையோ பேர். கூடுதல் வேலை வந்தால் அன்றே அதன் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்குவது என்ற ஒரு வரி, கடைசி மாதத்துச் சண்டையில் முக்கால்வாசியைத் தவிர்த்துவிடும். சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்துவிட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, கான்ட்ராக்டர் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இதைக் கேட்க மறந்துபோகிறோம். நம் வீட்டுக்காக உயரத்தில் நிற்பவர் அந்தத் தொழிலாளி.

எழுதத் தெரியாத அருமையான மேஸ்திரிகள் இருக்கிறார்களே, அவர்களை இந்த அளவுகோல் ஒதுக்கிவிடாதா என்று கேட்டால், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சுவரைத் தொட்டே தூக்கு சொல்லும் கைகள் உண்டு. கணினியில் அழகாக அச்சிட்ட கொட்டேஷனோடு வந்து ஒன்றும் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய வீடுகள் அப்படிப்பட்ட கைகளால்தான் எழுந்தன. ஆனால் அவர் கூடவே நின்று, வரைந்து காட்டி, செய்ய வைத்தார். மேஸ்திரி எழுத வேண்டியதில்லை. எழுத ஒருவர் கூட இருந்தால் போதும், மேஸ்திரி அதைப் படிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டால் போதும். செங்கலை நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும், பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானத்தில் செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகும். அதைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, பில்லரும் பீமும் மட்டுமே பழகிய ஆளிடம் கேட்டால் செங்கலும் வீண், ஆசையும் வீண். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதே கதிதான். நாம் விரும்பும் முறையில் குறைந்தது இரண்டு வீடாவது கட்டியவரா என்று பார்த்தாக வேண்டும்.

விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்களிடம் போனால் எழுத்து நிறையவே கிடைக்கும். பிராண்டு பெயர்களோடு நீண்ட பட்டியல், செல்பேசிச் செயலியில் தினசரிப் புகைப்படம், எல்லாம் உண்டு. அங்கே கேட்க வேண்டியது வேறு. என் வீட்டுக்கு வரும் சைட் இன்ஜினியர் ஒரே நேரத்தில் எத்தனை வீடுகளைப் பார்க்கிறார்? கட்டப்போவது உங்கள் ஆட்களா, துணை ஒப்பந்தத்தில் வரும் உள்ளூர்க் குழுவா? குழு என்றால் பெயர் என்ன, அவர்கள் கட்டிய வீட்டைக் காட்டுவீர்களா?

கடைசியாகப் பணம். வேலை பாதியில் நிற்பதற்குப் பல நேரம் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பதில்லை. சிறு கான்ட்ராக்டர்களிடம் சொந்த முதல் குறைவு. உங்களிடம் வாங்கும் முன்பணத்தில் முந்தைய வீட்டின் பாக்கி வேலையை முடிப்பார். உங்கள் வீட்டை முடிக்க அடுத்தவரின் முன்பணம் வர வேண்டும். அந்த அடுத்தவர் வரவில்லையென்றால் சங்கிலி அறுந்து, லிண்டலோடு உங்கள் வீடு நிற்கும். ஆகவே முன்பணம் கடைக்கால் வேலைக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும். அதன்பின் பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளந்தபின் அந்தக் கட்டத்துக்கான பணம். எந்த நாளிலும் கொடுத்த பணம் நடந்த வேலையை முந்தக் கூடாது. அதேபோல் அளந்து முடித்த வேலைக்குப் பணத்தை ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் சனிக்கிழமை கூலி அவர் கைக்காசிலிருந்து போகிறது. மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டை நிறுத்திவைத்து, குடிபோனபின் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுதாகப் பெய்து ஓய்ந்ததும் கொடுப்பது என்று எழுதிக்கொள்ளலாம். தன் தளத்தின்மேல் நம்பிக்கை உள்ளவர் இதற்குப் பெரிதாகத் தயங்க மாட்டார். தை பிறந்ததும் இருவருமாக மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு சுற்று வந்து, குளியலறைச் சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தத் தொகையைக் கொடுத்துவிடலாம். அன்று அவரிடமிருந்து வாங்க வேண்டியதும் ஒன்று உண்டு: பூச்சுக்கு முன்பு, அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு சுவரையும் எடுத்த படங்கள். எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர்க் குழாயும் கரண்ட் குழாயும் ஓடுகின்றன என்பது அவற்றில் இருக்கும்.